எழுத்து தெரிகிறது, வாசிக்கத்தான் வரவில்லை

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு யாருக்கும் பிடிக்காது. மாணவர்களுக்கே பிடிக்காது என்றால் நமக்கு மட்டும் எப்படிப் பிடிக்கும்? ஆகவே நடுநடுவே உங்களையும் கொஞ்சம் வேலை வாங்கப் போகிறேன்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். மருத்துவரோ உளவியலாளரோ அல்ல. இந்தத் தலைப்பைப் பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். இதில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்க்கணக்கில் அவனை யாரும் முந்த முடியாது. மின்சுற்று பாடம் நடத்தும்போது பேட்டரி, கம்பி, பல்பு மூன்றையும் கொடுத்தால் நான் சொல்லி முடிப்பதற்குள் எரிய வைத்துவிடுவான். ஊருக்கு வரும் பேருந்துகள் எல்லாவற்றின் நேரமும் மனப்பாடம். ஆனால் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் ‘படகு’ என்ற சொல்லைப் பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ‘ஓடம்’ என்பான். படம் இல்லாவிட்டால் முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு சொல்லைச் சொல்வான். கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதிவிடுவான். எழுதியதை வாசி என்றால் தலை குனிந்துவிடும்.

எனக்கு உடனே தோன்றியது கண்தான். அவன் அப்பாவிடம் சொல்லி நகரத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்கு அனுப்பினேன். பார்வையில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? கண் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது, அப்படியானால் இவனுக்குச் சோம்பேறித்தனம். இரண்டு ஆண்டுகள் அந்த முடிவோடுதான் அவனை நடத்தினேன். தினமும் எழுப்பி வாசிக்க வைத்தேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

கண்ணில் குறை, அல்லது கவனத்தில் குறை. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. பி.எட். படித்தபோது ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லைத் தேர்வுக்காகப் படித்தேன். ஐந்து மதிப்பெண் வினா. அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லையே உருவாக்கியவர் ஒரு கண் மருத்துவர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைச் சேர்ந்த ருடால்ஃப் பெர்லின். 1887இல் இதைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் பார்த்தது, முன்பு நன்றாக வாசித்துவிட்டு மூளை பாதிப்புக்குப் பின் வாசிக்க முடியாமல் போன பெரியவர்களை. 1892இல் பாரிஸில் டெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் இன்னும் வியப்பான ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் எழுத முடிந்தது. தான் எழுதியதையே வாசிக்க முடியவில்லை. கண் பார்வை இருந்தது, பேச்சு இருந்தது. இறந்தபின் பரிசோதித்ததில் மூளையின் இடது பக்கப் பின்பகுதியில் பாதிப்பு இருந்தது தெரிந்தது.

குழந்தைகளிடம் பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்பதை 1896இல் எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர். பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு அது. ஏழாண்டு காலம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தும் சிறு சொற்களைக்கூட வாசிக்கத் தடுமாறினான். தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி எழுதினான். இயற்கணிதக் கணக்கைக் கொடுத்தால் சட்டென்று போட்டான். கண் பார்வை நன்றாகவே இருந்தது. அந்தக் குறிப்பில் எனக்கு மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அவனுக்குச் சில ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியரின் கருத்தை மோர்கன் பதிவு செய்திருக்கிறார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அந்த ஆசிரியரின் மதிப்பீடு. மருத்துவருக்கு முன்பே அவனைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஓர் ஆசிரியர். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

மோர்கன் தன் குறிப்பின் தலைப்பிலேயே இதைப் ‘பிறவிச் சொற்குருடு’ என்றார்; அதன்பின் கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஹின்ஷல்வுட் போன்றவர்களும் அதே பெயரில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குருடு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லோருக்கும் கண்தானே நினைவுக்கு வரும்? ஆனால் ஹின்ஷல்வுட் சொன்னதும் மூளையைப் பற்றித்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் காலத்தில் 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் பல ஆசிரியர்களுக்குக் கண்ணைத் திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் எழுத்துகள் நடனமாடுவதாகக் காட்டிய காட்சி நம் மனத்தில் பதிந்துவிட்டது. இன்றும் பெற்றோர்கள் “எழுத்து ஆடுதான்னு கேட்டேன் டீச்சர், இல்லேங்கிறான், அப்ப இது அது இல்லைதானே?” என்று கேட்கிறார்கள்.

சரி, வாசிக்கும்போது கண் என்னதான் செய்கிறது? இப்போது உங்களுக்கு வேலை. செய்தித்தாளின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தாளின் அந்தப் பக்கத்தை மனத்துக்குள் வாசிக்கட்டும். நீங்கள் இந்தப் பக்கமிருந்து ஓட்டை வழியாக அவர் கண்ணைப் பாருங்கள்.

(சிரிப்பும் பேச்சும் அடங்கிய பின்)

என்ன பார்த்தீர்கள்? கண் வரியில் வழுக்கிக்கொண்டு போகவில்லை. தவளை மாதிரித் தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. தாவும் நேரம் அதில் பத்தில் ஒரு பங்குதான். தாவும்போது நாம் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை, நிற்கும்போதுதான் பார்க்கிறோம். காரணம், நாம் வகுப்பில் நடத்துவதுதான். விழித்திரை முழுவதும் ஒரே கூர்மை கிடையாது. நடுவில் உள்ள சிறு குழிப் பகுதியில்தான் கூர்மையான பார்வை. எழுத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவர கண் தாவியே ஆக வேண்டும். நன்றாக வாசிப்பவர்கூட ஆங்கிலத்தில் பத்துத் தாவலுக்கு ஒன்று பின்னோக்கிப் போகிறார், விட்டதைத் திரும்பப் பார்க்க.

டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தையின் கண்ணைக் கருவி வைத்துப் பதிவு செய்தால் நிறுத்தங்கள் நீளமாக இருக்கும், தாவல் குறுகியிருக்கும், பின்னோக்கிய தாவல் அதிகமாக இருக்கும். இதைப் பார்த்தவுடன் “கண் ஒழுங்காக ஓடவில்லை, அதனால்தான் வாசிப்பு வரவில்லை” என்று சொல்லத் தோன்றுகிறது. 1980களின் தொடக்கத்தில் பாவ்லிடிஸ் என்ற ஆய்வாளர் அப்படித்தான் சொன்னார். எழுத்தே இல்லாமல் வரிசையாக எரியும் விளக்குகளைப் பின்தொடரச் சொன்னாலும் இந்தக் குழந்தைகளின் கண் தடுமாறுகிறது என்றார். மற்ற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. கண் அசைவு ஆராய்ச்சியில் பெரிய பெயரான கீத் ரெய்னர் பிரச்சினையை நேராக வைத்தார். இந்தக் குழந்தையிடம் அதன் வாசிப்பு நிலைக்கு ஏற்ற எளிய பாடத்தைக் கொடுத்தால் கண் அசைவு சீராகிறது. நன்றாக வாசிக்கும் குழந்தையிடம் தலைக்கு மேலான பாடத்தைக் கொடுத்தால் அதன் கண்ணும் தடுமாறுகிறது. ஆக, கண்ணின் தடுமாற்றம் நோயல்ல, காய்ச்சல் காட்டும் வெப்பமானி போல. வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் இறங்குமா?

நம்பிக்கை இல்லாதவர்கள் ஓசூர்ப் பக்கம் போகும்போது கன்னடப் பெயர்ப்பலகை ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். கண் அதே எழுத்தில் போய்ப் போய் நிற்கும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி மூளை. விழித்திரையில் விழுந்த பிம்பம் பார்வை நரம்பு வழியாகத் தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே உள்ள பகுதிக்குப் போகிறது. அங்கே கோடு, வளைவு, கோணம் என்று பிரிக்கப்படுகிறது. இதுவரை நீங்கள் பார்க்கும் ஆடும் அணிலும் எழுத்தும் ஒன்றுதான். அடுத்துத்தான் வாசிப்புக்கே உரிய வேலை. இடது பக்கத்தில், காதுக்குப் பின்னால் அடிப்பக்கமாக ஓரிடம். வாசிக்கக் கற்றவர்களிடம் எழுத்து வடிவங்களுக்குச் சிறப்பாகச் செயல்படுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக ஆராய்ந்தவர். மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது. வாசிப்பதற்கென்று தனி உறுப்பு வளர அந்தக் காலம் போதாது. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண இருந்த இடத்தில் ஒரு பகுதியைத்தான் பள்ளிக்கூடம் எழுத்துக்குத் திருப்பிவிடுகிறது என்பது அவர் வாதம். அவருடைய குழு 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களையும் தெரியாதவர்களையும் ஒப்பிட்டது. வளர்ந்தபின் முதியோர் வகுப்பில் வாசிக்கக் கற்றவர்களின் மூளையிலும் இந்த மாற்றம் இருந்தது. அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் யாருடைய மூளைக்குள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எழுத்தை அடையாளம் கண்டுவிட்டால் மட்டும் வாசிப்பு ஆகாது. அந்த வடிவத்துக்கு உரிய ஒலியைச் சேர்க்க வேண்டும். அந்த வேலை இடது காதுக்கு மேலும் பின்னுமாக உள்ள பகுதிகளில் நடக்கிறது. பேச்சைக் கையாளும் நெற்றிப்பக்கப் பகுதியும் கூடவே சேர்கிறது. டிஸ்லெக்ஸியாவில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களில் இடது பக்கப் பின்பகுதிகள் இவர்களிடம் குறைவாக வேலை செய்வது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

கண் அல்ல, ஒலிதான் என்பதைக் காட்ட ஃபிராங்க் வெல்லுட்டினோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஓர் எளிய சோதனை செய்தார். வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கும் நன்றாக வாசிக்கும் குழந்தைகளுக்கும் ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்னார். இரு தரப்புக்கும் ஹீப்ரு தெரியாது. இருவரும் ஒரே மாதிரி வரைந்தார்கள். கண்ணோ வடிவத்தை நினைவில் வைப்பதோ பழுது என்றால் இங்கேயும் தவறியிருக்க வேண்டும். பெயரும் ஒலியும் சேர வேண்டிய இடத்தில்தான் வேறுபாடு வருகிறது. என் மாணவன் கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதியதும், அதை வாசிக்க முடியாமல் நின்றதும் இதே கதைதான். அவன் எழுதவில்லை, வரைந்தான்.

நம் எழுத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நேரானது. ஆனால் கற்க வேண்டியவை அதிகம், 247. ஒரே ‘க’ கடலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம், பகலில் ஒரு விதம். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். காதுக்கு முதலில் வருவது ‘க்’, பிறகு ‘ஒ’. கண்ணின் வரிசை ஒன்று, காதின் வரிசை வேறு. ‘கௌ’ எழுத்தில் கடைசியில் நிற்பது ளகரமா, உயிர்க்குறியா என்று நமக்கே சில நேரம் கேள்வி வரும். சாதாரணக் குழந்தை இதையெல்லாம் சில மாதங்களில் தாண்டிவிடும். ஒலியைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது மலை.

இன்னொன்று. எழுத்தும் ஒலியும் நேராக உள்ள மொழிகளில் இந்தக் குழந்தைகள் காலப்போக்கில் பிழையில்லாமல் வாசிக்கக்கூட வந்துவிடுவார்கள். ஆனால் மிக மெதுவாக. 2001இல் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று மொழிக்காரர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இருவரைவிடச் சரியாக வாசித்தார்கள். மூளையில் குறைவாகச் செயல்பட்ட இடம் மட்டும் மூவருக்கும் ஒன்றே. தமிழ் வகுப்பிலும் பிழையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட குழந்தையை விட்டுவிடுவோம். ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிச் சரியாக வாசிக்கிறது, ஆனால் வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது என்றால் கவனியுங்கள்.

“அப்படியென்றால் கண் பரிசோதனையே வேண்டாமா?” என்று யாராவது கேட்பீர்கள். வேண்டும், முதலில் அதுதான் வேண்டும். வாசிப்புச் சிரமம் உள்ள குழந்தைக்குக் கண் குறையும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பு. முக்கியமாக ஒன்று. ஆறு மீட்டர் தூரத்தில் அட்டையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் தூரப் பார்வை உள்ள குழந்தை தேறிவிடும். கரும்பலகை நன்றாகத் தெரியும், புத்தகம்தான் சிரமம். வாசித்துக் கால் மணி நேரத்தில் தலைவலி, கண் கசக்கல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தல், இரண்டாகத் தெரிகிறது என்ற புகார், இவை இருந்தால் முகாம் அட்டையோடு நிறுத்தாமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கண்ணாடி போட்டபின் வாசிப்பு சரியாகிவிட்டால் மகிழ்ச்சி, அது கண்தான். கண்ணாடி போட்டு எழுத்து தெளிவாகத் தெரிந்தும் வாசிப்பு வரவில்லை என்றால், அன்று நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

வண்ணக் கண்ணாடி, வண்ணத் தாள், கண் பயிற்சி என்று பணம் வாங்குபவர்களைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுங்கள். 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. டிஸ்லெக்ஸியாவுக்குக் கண் குறை காரணமல்ல, இவ்வகைச் சிகிச்சைகள் அதைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை என்பது அதன் சாரம். கூலி வேலை பார்க்கும் ஒரு தாய் இதற்காக நகை அடகு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் கண் பக்கத்து ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு எழுத்துகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று மறைக்கிறது. 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தபோது வாசிப்பு வேகமும் கூடியது, பிழையும் குறைந்தது. நமக்கு இதில் செலவு ஒன்றும் இல்லை. பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, ஒரு தாளில் ஐந்தாறு வரி மட்டும் எழுதிக் கொடுக்கலாம். மற்ற வரிகளை ஓர் அட்டையால் மூடலாம்.

வகுப்பில் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தினமும் பத்து நிமிடம் வாய் விளையாட்டு. ‘கடல்’ சொல்லு, முதல் ஒலியை எடுத்துவிட்டுச் சொல்லு. ‘மரம்’, முதல் எழுத்துக்குப் பதில் ‘வ’ வைத்தால்? பிறகு ‘ப்’, ‘ஊ’, சேர்த்தால் என்ன? உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்து வைத்த நம் இலக்கணமே இதற்குப் பெரிய உதவி. நாம்தான் அதை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்க வைத்துவிட்டோம். பிறகு நான்கைந்து எழுத்து மட்டும் எடுத்து, அவற்றால் ஆன சொற்கள், அவற்றால் ஆன சிறு தொடர்கள். அது கைவந்த பிறகே அடுத்த எழுத்து. ஒரே பத்தியை நாலு நாள் வாசிக்கட்டும். இப்படிப்பட்ட ஒலிப் பயிற்சிக்குப் பின் எடுத்த மூளைப் படங்களில், முன்பு மந்தமாக இருந்த இடதுபக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. திடீரென்று எழுப்பி எல்லோர் முன்பும் வாசிக்க வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். முந்தின நாளே பத்தியைச் சொல்லிவிட்டால் அவன் தயாராகி வருவான். அறிவியல், சமூக அறிவியல் தேர்வில் வினாவை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அங்கே நாம் சோதிப்பது அறிவியலை, வாசிப்பை அல்ல.

இது டிஸ்லெக்ஸியா என்று நாம் முத்திரை குத்தக் கூடாது. பள்ளிக்கு வராமை, வீட்டுமொழி வேறு, கேட்டல் குறை, இவையும் இப்படியே தோன்றும். சந்தேகம் வந்தால் வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் ஓடாமல், எட்டிலேயே தொடங்குங்கள்.

கடைசியாக, அந்தப் பையன். இப்போது எங்கள் ஊர் முக்கில் இருசக்கர வாகன மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். என் வண்டியின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். நான் இடையில் மாறுதலில் போய், மீண்டும் அதே பள்ளிக்கு வந்திருக்கிறேன். போன ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தான். விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, “நீங்களே எழுதிடுங்க டீச்சர்” என்றான். எழுதி முடித்ததும், கையெழுத்துப் போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டான். “இவளுக்கும் என்னைய மாதிரி வந்துருமா டீச்சர்?”

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வரலாம், வராமலும் போகலாம், வந்தால் இந்த முறை எனக்கு அடையாளம் தெரியும் என்றேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். “அதெல்லாம் விடுங்க டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையும் நானும் பேசி, காலை வழிபாட்டுக்குப் பிறகு அவளோடு சேர்த்து ஆறு குழந்தைகளுக்குப் பத்து நிமிட ஒலி விளையாட்டு நடத்துகிறோம். ‘கடல்’ என்பதில் ‘க’வை எடுக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. மற்ற ஐவரில் மூவருக்கு வந்துவிட்டது. இரண்டாம் பருவம் தொடங்கியதும் திரும்பவும் பார்க்கப் போகிறோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.